ஊரின் நிலத்தடி நீரை ஊராரே கணக்கிடுவது எப்படி? பென்னாகரம் பக்கத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம்: தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் கேட்கிறார். "எங்கள் ஊரில் கிணறுகள் மாசியிலேயே வற்றிவிடுகின்றன. புதிதாகப் போடும் போர்கள் 1,000 அடி வரை போகின்றன. தடுப்பணைக்கு நிதி வரும் போலிருக்கிறது, எங்கே கட்டலாம்? ஊரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நாங்களே கணக்குப் போட முடியுமா? குடிநீருக்கு இன்னும் ஆழமாக ஒரு போர் போடலாமா?"

நாங்களே கணக்குப் போட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். தடுப்பணையை முடிவு செய்வதற்கு முன்னால் அதைத்தான் செய்ய வேண்டும். எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்று தெரியாமல் கட்டும் எதுவும் குருட்டாம்போக்குதான்.

முதலில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் மாவட்டம் கடினப் பாறைப் பிரதேசம். மேலே சில அடி மண், அதன் கீழே சரளையும் மக்கிய பாறையும், அதற்கும் கீழே அங்கங்கே வெடிப்பு ஓடும் பாறை, அப்புறம் இறுகிய கருங்கல். பூமிக்கடியில் ஆறு ஓடுவதாகவும், சரியான இடத்தில் குத்தினால் பீய்ச்சிக்கொண்டு வரும் என்றும் பலர் இன்னும் நம்புகிறார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை முன்னால் விட்டு ரிக் வண்டி பின்னால் போவது அந்த நம்பிக்கையில்தான். உண்மையில் தண்ணீர் பெரும்பாலும் அந்த மக்கிய பாறையின் இடுக்குகளில் தங்கியிருக்கிறது. வெடிப்புகள் அதைக் கடத்தும் வழிகள், அவ்வளவுதான்.

அந்த இடுக்குகளில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? நூறு கன அடி மக்கிய பாறையிலிருந்து வடித்து எடுக்கக் கூடியது ஏறக்குறைய ஒன்றரை கன அடி. ஆற்றுப் படுகை மணலில் இதுவே பதினாறு கன அடி. மத்திய அரசின் மதிப்பீட்டு முறையிலும் களி கலந்த மக்கிய பாறைக்கும் ஆற்று மணலுக்கும் இந்த அளவுகள்தான். அதாவது உங்கள் ஊரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், செலவானது நிலப்பரப்பு முழுவதும் வெறும் 1.5 சென்டிமீட்டர் தண்ணீர். மாசியில் கிணறு வற்றுவதும், இரண்டு நல்ல மழைக்கு அதே கிணறு சட்டென்று ஏறிவிடுவதும் இதனால்தான். கொள்ளளவு சின்னது. ஆண்டுக்கு ஆண்டு நிரம்பினால்தான் உண்டு, சேர்த்து வைக்க இடம் கிடையாது.

1,000 அடி போர் விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆழம் போகப் போகப் பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகும். 600 அடிக்குக் கீழே நல்ல வெடிப்பு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதில் இருப்பது பெரும்பாலும் மேலிருந்து மெல்ல இறங்கிய தண்ணீர்தான். ஒருவர் 800 அடியில் மோட்டாரைத் தொங்கவிட்டு இழுக்கும்போது, மக்கிய பாறையில் இருப்பது அந்த வெடிப்பு வழியே கீழே வடிகிறது. பக்கத்துக் காட்டுக்காரரின் 60 அடிக் கிணறு வறண்டு போகிறது. ஊருக்குக் கூடுதலாக ஒரு சொட்டும் வருவதில்லை. யார் எடுக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது, மாற்றுவது கடன் வாங்கி ரிக் வண்டியைக் கூப்பிட முடிந்தவர்.

சரி, கணக்குக்கு வருவோம். அரசு என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் சேர்ந்து பிர்கா வாரியாக, அதாவது பல கிராமங்கள் அடங்கிய வருவாய்ப் பிரிவு வாரியாகக் கணக்கிடுகின்றன. ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பிர்கா. 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. 2017-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 462 அதிநுகர்வில் இருந்தன. உங்கள் பிர்கா எதில் வருகிறது என்பதை நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பிர்காவுக்குள் பல கிராமங்கள் இருக்கும். ஏரிக்குக் கீழே இருக்கும் ஊரும் மேட்டில் இருக்கும் ஊரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அரசு எண்ணில் எடுப்பு என்பது கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு சராசரியால் பெருக்கி வருவது. இலவச மின்சாரம் என்பதால் நம் ஊர் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஆகவே உண்மையான எடுப்பு என்ன என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது மூன்று அளவுகள்: மழை, மட்டம், எடுப்பு.

மழைக்கு ஒரு மழைமானி போதும். பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஒரு நோட்டில் எழுதினால் முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மட்டத்துக்கு எட்டுப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஓடைக்கரையில் ஒன்று, ஏரிக்குக் கீழே ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று பரவியிருக்க வேண்டும். மோட்டார் ஓடாத பழைய கிணறாக இருந்தால் இன்னும் நல்லது. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்டால் கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன், விடிகாலையில் அளப்பது முக்கியம். ஓடி நின்ற உடனே அளந்தால் அது அந்த ஒரு கிணற்றின் மட்டம், ஊரின் மட்டம் ஆகாது. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸைத் தேய்த்து, நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்குங்கள். தண்ணீரில் கொஞ்சம் மூழ்கியதும், கோட்டுக்கு நேரே டேப்பில் என்ன அளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே இழுங்கள். சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். முதல் அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் மட்டம் கிடைத்துவிடும். மாதம் ஒரு முறை எடுங்கள். மே மாதமும் ஜனவரியும் மட்டும் தவறவே கூடாது. ஒன்று மழைக்கு முந்தைய அடிமட்டம், மற்றது இரண்டு பருவமழையும் முடிந்த பிறகு வரும் உச்சம்.

மூன்றாவது எடுப்பு. இதைத்தான் யாரும் அளப்பதில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரி குழாயின் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 50 விநாடி என்றால் விநாடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர். நாளைக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள் ஓடினால் ஏறக்குறைய 13,000 கன மீட்டர் (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்). ஊரில் ஓடும் மோட்டார்களை ஓடைப்பக்கம், மேட்டுப்பக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறை இப்படி அளந்தால் மொத்த எடுப்புக்கு ஒரு நம்பகமான எண் வந்துவிடும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று அதிலிருந்து எடுத்து, பயிரின் தண்ணீர்த் தேவையை வைத்து இன்னொரு பக்கம் கணக்குப் போடலாம். இரண்டு எண்ணும் வெகுதூரம் விலகினால் எங்கோ தவறு, திரும்பப் பாருங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. கிராமத்தின் பரப்பு 1,000 ஹெக்டேர், அதாவது 2,470 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பகுதியை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே மழை வழிந்து ஓடிவிடும். ஆண்டு மழை உங்கள் மாவட்டத்தில் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில். மக்கிய பாறை நிலத்தில் இதில் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்கு இறங்கும். ஆக 8.5 லட்சம் கன மீட்டர். மீதியெல்லாம் ஆவியாகவும், பயிர் பச்சை குடித்தும், ஓடையில் ஓடியும் போய்விடுகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மே மாதத்துக்கும் ஜனவரிக்கும் இடையே கிணறுகள் சராசரியாக 4 மீட்டர் ஏறியிருந்தால், 4 மீட்டரை 1.5 சதவீதத்தால் பெருக்கி, பரப்பாலும் பெருக்குங்கள். 6 லட்சம் கன மீட்டர் வரும். அந்த மாதங்களில் மோட்டார்கள் எடுத்தது 2.5 லட்சம் என்றால், இரண்டையும் கூட்ட அதே 8.5 லட்சம். நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகாது. 20 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் நம்பலாம்.

இதில் பத்தில் ஒரு பங்கை ஓடைக்கும் இயற்கைக் கசிவுக்கும் விட்டுவிடுங்கள். 2,000 பேர் உள்ள ஊருக்குத் தலைக்கு நாளைக்கு 55 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 40,000 கன மீட்டர். ஆயிரம் மாடுகளுக்கு நாளைக்கு 50 லிட்டர் வீதம் 18,000. இரண்டும் சேர்ந்து 58,000. பாசனத்துக்கு மிஞ்சுவது 7 லட்சம் கன மீட்டர்.

கரும்புக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் சுற்றித் தண்ணீர் வேண்டும். மழை கொடுப்பது போகக் கிணற்றிலிருந்து 1,500 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 15,000 கன மீட்டர். அந்த 7 லட்சத்தில் 115 ஏக்கர் கரும்பு விளையும், அத்தோடு ஊரின் தண்ணீர் தீர்ந்தது. ராகிக்குக் கிணற்றிலிருந்து 300 மில்லிமீட்டர் பாய்ச்சினால் அதே தண்ணீரில் 575 ஏக்கர். இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஊர் மக்கள் மொத்தப் பேரும் மாடுகள் அத்தனையும் ஓர் ஆண்டு முழுக்கக் குடித்துக் குளித்துப் புழங்கும் தண்ணீர், பத்து ஏக்கர் கரும்பு குடிக்கும் தண்ணீருக்குச் சமம். கோடையில் குடத்தோடு அலையும் பெண்களிடம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்வது எவ்வளவு அநியாயம் என்று இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

தடுப்பணை எங்கே கட்டுவது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஓடையில் 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் தடுப்பணை என்று கொள்வோம். கொள்ளளவு 1,000 கன மீட்டர். ஆண்டுக்கு நான்கு முறை நிரம்பி, அத்தனையும் ஆவியாகாமல் உள்ளே இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும் 4,000 கன மீட்டர். முக்கால் ஏக்கர் கரும்புக்குக்கூடக் காணாது. தடுப்பணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எந்த அளவு வேலையைச் செய்யும் என்று தெரிந்து கட்டுங்கள். ஊரின் குடிநீர்க் கிணற்றுக்குச் சற்று மேலே, அடியில் சரளை உள்ள இடத்தில் கட்டினால் அந்த ஒரு கிணற்றைக் கோடையில் காப்பாற்றும். அதுவே பெரிய பயன். பாறை தெரியும் இடத்தில் கட்டினால் தண்ணீர் நிற்கும், இறங்காது, வெயில் குடித்துவிடும். மழைக்காலத்தில் சுற்றுக் கிணறுகள் விளிம்பு வரை நிரம்பும் இடத்தில் கட்டினாலும் பயனில்லை, கீழே இடமே இல்லாத போது எங்கே இறங்கும்? ஓடையில் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போனால் கீழூர் ஏரிக்கு வரத்து குறையும், அவர்களையும் கலந்து பேசுங்கள்.

என்னைக் கேட்டால் புதுத் தடுப்பணைக்கு முன்னால் பழைய ஏரியைத்தான் கவனிப்பேன். வரத்து வாய்க்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது, மிகைநீர் வழியும் கலங்கு சரியாக இருக்கிறதா, மதகில் கசிவு உண்டா என்று நடந்து போய்ப் பாருங்கள். பல ஊர்களில் ஏரி நிரம்பாமல் போவதற்கு மழைக்குறைவைவிட வாய்க்கால் அடைப்பே காரணம். அடியில் படிந்த வண்டல் மெல்லிய பூச்சு மாதிரி படர்ந்து தண்ணீர் இறங்குவதைத் தடுத்துவிடுகிறது. கோடையில் அதை எடுத்து வயலுக்கு அடித்தால் இரண்டு பக்கமும் லாபம். மேட்டு நிலங்களில் கோடை உழவும் சரிவுக்குக் குறுக்கே வரப்பும் போட்டால் மழை விழுந்த இடத்திலேயே இறங்கும். இதற்குத் திறப்பு விழா நடக்காது என்பதால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் ஊர் முழுக்கச் செய்தால் பல தடுப்பணைகளின் வேலையை இது செய்யும்.

சொட்டுநீர் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு, போடுங்கள். களை குறையும், ஆள் செலவு குறையும், விளைச்சல் கூடும். ஆனால் ஊரின் நீர்மட்டம் அதனால் தானாக ஏறிவிடாது. வாய்க்காலில் பாய்ச்சும்போது வயலில் கசிந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது, அந்தத் திரும்பு நீர் சொட்டுநீரில் குறையும். மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால், முன்பைவிட அதிகமாகத்தான் எடுக்கிறோம். பரப்பைக் கூட்டாமல் இருந்தால் மட்டுமே சொட்டுநீர் ஊருக்குச் சேமிப்பு.

ஆக, ஊர் கூடிப் பேச வேண்டியது பயிரைப் பற்றி. இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். ஆந்திராவில் அனந்தபூர், சித்தூர், கடப்பா, கர்நூல், பிரகாசம், இன்று தெலங்கானாவில் இருக்கும் மகபூப்நகர், நல்கொண்டா என ஏழு வறட்சி மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில், ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு 2000-களில் விவசாயிகளே இதைச் செய்தார்கள். உங்கள் நிலத்தைப் போன்ற பாறை நிலம்தான் பெரும்பகுதி. கிணற்று மட்டத்தையும் மழையையும் தாங்களே அளந்து, பருவமழை முடிந்ததும் ஒன்றுகூடி, இருப்பு இவ்வளவு, போட நினைக்கும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். யாருக்கும் தடை கிடையாது, அபராதம் கிடையாது. எண்ணைப் பார்த்துப் பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்தார்கள். திட்டம் முடிந்து வெளி உதவி நின்றதும் பல இடங்களில் அளவெடுப்பு தளர்ந்து போனது. அளக்கும் வேலையை ஊராட்சியே ஏற்று, அளப்பவருக்கு ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தின் ஹிவரே பஜார் இன்னும் கறாராகப் போனது. 400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் ஊர். போபட்ராவ் பவார் தலைமையில் 1990 முதல் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளைச் செய்தார்கள். அத்தோடு பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழையளவைப் பார்த்துப் பயிர்த் திட்டம் போடுகிறார்கள். அங்கே போய் வருகிறவர்கள் வரப்புகளையும் தடுப்புகளையும் படம் எடுத்து வருகிறார்கள். அந்தத் தண்ணீரைக் காத்தது ஊர் போட்ட கட்டுப்பாடு.

நம்மிடம் இதற்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. பங்குக் கிணறு எத்தனை ஊர்களில் இருக்கிறது! அண்ணன் தம்பிகள், பங்காளிகள் நான்கு பேர் ஒரே கிணற்றில் கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்திரத்தில் எழுதி, முறை வைத்து இறைக்கிறார்கள். சண்டை வந்தாலும் முறை தவறுவதில்லை. ஊரின் அடியில் இருக்கும் பாறையும் ஒரு பெரிய பங்குக் கிணறுதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்ட காலத்திலிருந்து நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையது என்றே நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது, நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. ஆகவே சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நடைமுறையில் இப்படித் தொடங்குங்கள். ஜனவரி மாதத்து மட்டத்தை எடுத்ததும், ஜனவரி 26 கிராம சபையில் கணக்கைப் பலகையில் எழுதி வையுங்கள். கரும்பு நடவும் கோடைப் பயிரும் முடிவாகும் நேரம் அது. சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடாமல் அந்த ஆண்டு உண்மையில் பெய்த மழையை வைத்துப் போடுங்கள். 600 மில்லிமீட்டர் பெய்த ஆண்டில் கையிருப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். முதல் ஆண்டே கரும்பைக் குறைக்கச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். புதுக் கரும்பு மட்டும் வேண்டாம், கோடை நெல் மட்டும் வேண்டாம் என்று சிறிதாகக் கேளுங்கள். விட்டுக்கொடுப்பவருக்கு ராகி, துவரை, நிலக்கடலைக்கு நல்ல விலை கிடைக்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ நேரடிக் கொள்முதலோ கைகொடுக்க வேண்டும். விலை இல்லாமல் பயிரை மாற்றச் சொல்வது வெறும் உபதேசம். குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 200, 300 மீட்டருக்குள் புதிய பாசனப் போர் வேண்டாம் என்ற ஒரு தீர்மானத்தை மட்டும் முதல் கூட்டத்திலேயே கொண்டுவாருங்கள். அதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாகக் குடிநீருக்கு ஆழ போர். உங்கள் பகுதிக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது, புளோரைடு. பாறையோடு நெடுங்காலம் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில் அது கரைந்து சேரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், அளவு இன்னும் கூடுதலாக இருந்து ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்துக்காக. 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே வையுங்கள், அது சீராக வருவதற்கு ஊராட்சி போராடட்டும். போர் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக 1,000 அடி போட நினைக்கும் பணத்தில், தூர்ந்து கிடக்கும் பழைய ஊர்க் கிணறு ஒன்றைத் தூர்வாரி, அதற்கு மேலே அந்தத் தடுப்பணையைக் கட்டுங்கள். மழைநீர் சேரச் சேர மேல்மட்டத் தண்ணீரில் புளோரைடு பெரும்பாலும் நீர்த்துவரும். இருந்தாலும் நம்பிக்கையில் விடாமல், மே மாதம் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை ஒவ்வொரு பொதுக் கிணற்றின் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, எண்ணை அந்தக் கிணற்றுச் சுவரிலேயே எழுதிவிடுங்கள். கைவிட்ட போர்களையும் அந்தச் சுற்றிலேயே கணக்கெடுத்து மூடி போட்டு அடையுங்கள். 2019-இல் மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தையை நாம் இழந்தது அப்படி ஒரு போரில்தான். அவற்றில் ஒன்றிரண்டு ஓடையோரம் இருந்தால் மழைநீர் செறிவூட்டப் பயன்படும். ஆனால் ஜல்லி, மணல் வடிகட்டி கட்டாமல் வயல் தண்ணீரை நேராக உள்ளே விடாதீர்கள். அந்த வடிகட்டியும் சேற்றைத்தான் நிறுத்தும், பூச்சிமருந்து கலந்த தண்ணீரை அது சுத்தமாக்காது, அந்த மருந்துத் தண்ணீர் நேரே எல்லோருடைய கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஆகவே கூரைத் தண்ணீரும், மருந்து படாத மேட்டு ஓடைத் தண்ணீரும் மட்டும் அதற்கு.